தசைக்குள் ஓடும் மின்சாரம்: தவளைக் காலிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை

காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே சொல்லும். சர்க்கரை ஏறியிருந்தால் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஆனால் ஒரு தொழிலாளி, "தோள்பட்டை கழண்டு விழற மாதிரி இருக்கு சார்" என்று சொன்னால் அதற்கு என்ன சாட்சி? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளையிலோ எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் உடம்பால் உழைக்கிறவர்களின் முக்கால்வாசி வலிக்கு ரிப்போர்ட் கிடையாது. எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் நார்மல் என்று வரும். "சும்மா சொல்றான், லீவு வேணும்" என்று மேஸ்திரி முடித்துவிடுவார்.

களைத்த தசைக்கு ஒரு சாட்சி உண்டா? உண்டு என்று சொல்லலாம், கொஞ்சம் தயக்கத்தோடு. அந்தச் சாட்சியின் பெயர் ஈ.எம்.ஜி., அதாவது எலக்ட்ரோமயோகிராபி. தமிழில் தசை மின்பதிவு என்று வைத்துக்கொள்வோம். ஊசி குத்தாமல், தோலின் மேல் இரண்டு வில்லைகளை ஒட்டி மட்டும் அளந்தால் அது மேற்பரப்பு ஈ.எம்.ஜி. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதேதான், இதயத் தசைக்குப் பதில் கை கால் தசை. இது உருவான கதை ஒரு நல்ல துப்பறியும் கதை போல இருக்கும்.

மீனவர்களுக்குத் தெரிந்தது

உடம்புக்குள் மின்சாரம் இருக்கும் என்று மனிதனுக்கு முதலில் சொன்னது மீன்தான். மின்திருக்கையை மிதித்தால் கால் மரத்துப்போகும் என்பது மத்தியதரைக் கடல் மீனவர்களுக்கும் தெரியும், நம் சோழமண்டலக் கரை மீனவர்களுக்கும் தெரியும். தரங்கம்பாடியில் கிடைத்த ஒரு மின்திருக்கைக்கு 1801-லேயே நார்சினே திம்லெய் என்று அறிவியல் பெயர் வைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்பவர் 1600களிலேயே அந்த மீனை அறுத்துப் பார்த்து, அதிர்ச்சி கொடுக்கும் உறுப்பு பார்க்கத் தசை மாதிரியே இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். மின்சாரம் என்றாலே என்னவென்று சரியாகத் தெரியாத காலத்தில் இது பெரிய யோசனை.

அடுத்து வருபவர் லூயிஜி கால்வானி. பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்த தவளைக்கால் ஆசாமி. பொலோனா நகரத்து உடற்கூறு பேராசிரியர். செத்த தவளையின் காலை உலோகத்தால் தொட்டபோது அது துள்ளியது. 1791-ல் தன் முடிவை வெளியிட்டார்: மின்சாரம் பிராணியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வோல்ட்டா ஒப்புக்கொள்ளவில்லை. "மின்சாரம் தவளையில் இல்லை, நீங்கள் தொட்ட இரண்டு வேறு வேறு உலோகங்களில் இருக்கிறது" என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கப் போய்த்தான் 1800-ல் உலகின் முதல் பேட்டரியைச் செய்தார். சண்டையில் வோல்ட்டா ஜெயித்ததாகத்தான் ஊர் நினைத்தது. கால்வானியின் பக்கம் 1794-லேயே உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையோடு தொடவைத்து மட்டும் துள்ள வைத்துக் காட்டியிருந்தது. ஆனால் பேட்டரி கையில் இருப்பவன் பேச்சுதானே எடுபடும்! நெப்போலியன் ஏற்படுத்திய புதிய குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் கால்வானி வேலையையும் இழந்தார். 1798-ல் இறந்தும் போனார். உண்மையில் இருவர் சொன்னதும் சரிதான்.

அதற்கப்புறம் நாற்பது வருஷம் ஆளவந்தவர்கள் எல்லாம் உலோகத்தின் பக்கம். 1840 வாக்கில்தான் இத்தாலியின் கார்லோ மத்தேயூச்சி தவளைத் தசையிலிருந்தே மின்னோட்டம் வருவதைக் கருவி வைத்துக் காட்டினார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு பெர்லினில் ஒரு இளைஞர் வாழ்நாள் முழுக்க இதே வேலையாக உட்கார்ந்துவிட்டார். அவர் பெயர் எமில் டூ புவா-ரேமோன்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மேற்பரப்பு ஈ.எம்.ஜி.யின் உண்மையான தகப்பனார் இவர்தான். அந்தக் காலத்து கால்வனாமீட்டர்கள் தசையின் மின்சாரத்தை உணரும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. எனவே தானே ஒன்றைச் செய்தார். கம்பிச்சுருளில் 24,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள், எல்லாம் கையால் சுற்றியது. பிறகு மனிதனைச் சோதித்தார். இரண்டு ஜாடிகளில் உப்புத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை. ஒரு கையை மட்டும் இறுக்கினால் முள் லேசாக அசைந்தது. லேசாகத்தான். தோல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. உடனே என்ன செய்தார் தெரியுமா? முன்கையில் கொப்புளம் வரவழைத்து, அந்தத் தோலை உரித்துவிட்டு, பச்சைப் புண்ணின் மேல் மின்வாயை வைத்தார். முள் பல மடங்கு விலகியது. இது நடந்தது 1840களின் கடைசியில்.

இன்றைக்கும் பிசியோதெரபி கல்லூரியில் மின்வாய் ஒட்டுவதற்கு முன் ரோமத்தை மழித்து, ஸ்பிரிட் பஞ்சால் தோலைச் சிவக்கத் தேய்க்கச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் அன்று பெர்லினில் உரிந்த அந்தத் தோல்தான்.

எழுதுகோலும் ஒலிபெருக்கியும்

எலக்ட்ரோமயோகிராபி என்ற பெயரை 1890-ல் பிரெஞ்சுக்காரர் எத்தியேன்-ஜூல் மரே வைத்ததாகச் சொல்வார்கள். ஓடும் குதிரை, பறக்கும் பறவை என்று அசைகிற எதையும் படமெடுத்து அளந்த மனிதர் அவர். பெயர் வந்துவிட்டது, ஆனால் வேகமாக மாறும் அந்தச் சிற்றலையைப் பின்தொடரும் கருவி இன்னும் வரவில்லை. அதைத் தீர்த்தது ஐந்தோவனின் இழைக் கால்வனாமீட்டர். ஈ.சி.ஜி.க்காகச் செய்தது, அதற்காக 1924-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அதை எடுத்து 1912-ல் ஹான்ஸ் பைப்பர் என்ற ஜெர்மானியர் மனிதனின் தசைகள் மேல் வைத்துப் பார்த்தார். தசை இறுகும்போது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய ஐம்பது தடவை அதிரும் தாளம் ஒன்று தெரிந்தது. களைக்கக் களைக்க அலை மெதுவானதையும் அவர் கவனித்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

(இந்த ஐம்பது என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரமும் வினாடிக்கு ஐம்பது தடவைதான் அதிர்கிறது. இதனால் வரும் தலைவலி பின்னால்.)

1922-ல் கேஸரும் எர்லாங்கரும் நரம்பு மின்சாரத்தைக் கேதோடு கதிர்த் திரையில் பார்த்தார்கள். 1929-ல் ஏட்ரியனும் பிராங்கும் ஊசிக்குள் கம்பி வைத்த மின்வாயைத் தசைக்குள் செலுத்தி, வெளிவந்த மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். தசை பேசுவதைக் காதால் கேட்க முடிந்தது. டப், டப், டப் என்று. பலமாக இறுக்கினால் மழை ஓட்டின் மேல் கொட்டுவது போல.

அந்த ஒவ்வொரு 'டப்'பும் என்ன? முதுகுத் தண்டிலிருந்து வரும் ஒரு நரம்பு செல்லும், அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் தசை இழைகளும் சேர்ந்து ஒரு இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புக்குப் பத்துப் பதினைந்து இழைகள்தான், அதனால்தான் அவ்வளவு நுணுக்கம். கெண்டைக்காலில் ஒரு நரம்புக்கு ஆயிரத்துக்கும் மேல். நரம்பு உத்தரவு போட்டதும் அத்தனை இழைகளிலும் ஒரே நேரத்தில் மின்னலை ஓடும். வினாடிக்கு நாலு மீட்டர் அளவு வேகம். அந்த அலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, கொழுப்பையும் தோலையும் தாண்டி மேலே வரும்போது கல்யாண மண்டபத்து இரைச்சல் போல ஆகிவிடும். தனித்தனிக் குரல் பிடிபடாது, ஆனால் கூட்டம் எவ்வளவு, சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லலாம். ஊசி ஈ.எம்.ஜி. தனிக் குரலைக் கேட்கும். மேற்பரப்பு ஈ.எம்.ஜி. மண்டபத்து இரைச்சலை அளக்கும்.

அந்த இரைச்சலும் பெரிது அல்ல. சில மைக்ரோவோல்ட்டில் ஆரம்பித்து, மிஞ்சிப் போனால் சில மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல் 1,500 மில்லிவோல்ட் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு சிறியதைச் சுற்றியிருக்கும் மின்கம்பி, மோட்டார், ட்யூப்லைட் எல்லாவற்றின் சத்தத்திலிருந்தும் பிரித்தெடுக்க 1934-ல் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர் வழி கண்டார். ஒரே தசை மேல் இரண்டு மின்வாய். இரண்டுக்கும் பொதுவாக வருவதைக் கழித்துவிடு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கு. வெளியிலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால் கழிந்துபோகும். தசையின் அலை ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும், அது தங்கும். இன்றுவரை எல்லாக் கருவிக்கும் இதுதான் அடிப்படை.

வேலூரில் ஒரு கைகுலுக்கல்

இனி நம்ம ஊருக்கு வருவோம். எந்தத் தசை வேலை செய்கிறது, எது செத்துவிட்டது என்ற கேள்வி மனிதர்களின் தலையெழுத்தையே மாற்றிய இடம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் மிஷனரிகள். லண்டனில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே போன பிராண்ட், விரல்கள் மடங்கிக் கொக்கி போலாகிவிட்ட நோயாளிகளைப் பார்த்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகிவிடும், கை அவ்வளவுதான் என்பது அப்போது டாக்டர்கள் உட்பட எல்லோரும் நம்பியது. அந்த மடங்கிய கை ஒன்றிடம் தன் கையைக் கொடுத்து, "அழுத்துங்கள்" என்றார் பிராண்ட். கை வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது!

அந்த ஒரு பிடியில் விஷயம் உடைந்தது. செத்த கை என்றால் இவ்வளவு பலம் எங்கிருந்து? காரணம் பின்னால் தெளிவானது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடங்களில், முழங்கையை ஒட்டியும் மணிக்கட்டை ஒட்டியும் அது தாக்குகிறது. அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் உள்ளங்கைச் சிறு தசைகள் நரம்பில்லாமல் செயலிழக்கின்றன. ஆனால் முன்கையின் பெரிய தசைகளில் பலவற்றுக்கு நரம்பு அதற்கு மேலேயே கிளை பிரிந்து போய்விடுகிறது. அவை நன்றாகவே இருக்கின்றன. நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு வழிமாற்றிக் கட்டினால்? 1940களின் இறுதியில் வேலூரில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். கை திறந்தது. பாத்திரம் பிடிக்க, சோறு பிசைந்து சாப்பிட முடிந்தது. 1952-ல் லண்டன் ராயல் சர்ஜன்ஸ் கல்லூரியில் பிராண்ட் இதைப் பற்றி ஹண்டேரியன் சொற்பொழிவு ஆற்றினார்.

இங்கே ஈ.எம்.ஜி. எங்கே வந்தது என்று கேட்கலாம். அந்தக் கைகுலுக்கலே ஒரு கருவியில்லாத ஈ.எம்.ஜி.தான். தசை உயிரோடு இருக்கிறதா என்ற அதே கேள்வி, விரலால் கேட்கப்பட்டது. அறுவைக்குப் பிறகு வரும் சிக்கல் இன்னும் சுவையானது. நேற்றுவரை மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை, இன்று விரலை மடக்க வேண்டும். தசைக்கு அது தெரியாது, மூளைக்கும் தெரியாது. வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டும். உணர்ச்சியும் போய்விட்ட கையில் "சரியாகச் செய்கிறேனா" என்று நோயாளிக்கே தெரியாது. பிற்காலத்தில் உலகெங்கும் கை மறுவாழ்வு மையங்களில் தசைநாண் மாற்றிய பிறகு மேற்பரப்பு மின்வாய் ஒட்டி, சரியான தசை இறுகும்போது விளக்கோ ஒலியோ வரும்படி வைத்தது இதற்காகத்தான். தோல் சொல்லாததைத் திரை சொல்கிறது.

1954-ல் சாலை விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்ட மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இதே வேலூரில் தொழுநோய்க் கைகளுக்கு அறுவை செய்தவர். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது. இன்று அதே கல்லூரியில் தனி உயிரிப்பொறியியல் துறை இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யோடும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிலையத்தோடும் சேர்ந்து பட்ட வகுப்பும் நடத்தியிருக்கிறார்கள்.

வேலூர் வரை போனதால் சென்னையையும் எட்டிப் பார்த்துவிடலாம். யோகாசிரியர் டி. கிருஷ்ணமாச்சார்யா இதயத்துடிப்பையே அடக்குவதாக 1935-ல் தெரேஸ் பிரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஈ.சி.ஜி. எடுத்துப் போனார். 1957-ல் வெங்கர், பாக்சி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியா வந்து மறுபடி சோதித்தார்கள். 1961-ல் ஆனந்தோடு சேர்ந்து வெளியிட்ட முடிவு: நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் போனது உண்மை, ஆனால் இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, வயிறு நெஞ்சுத் தசைகளை இறுக்கியதில் ரத்தம் திரும்புவது குறைந்து, நாடி ஒளிந்துகொண்டது. ஆக, அங்கேயும் விஷயம் தசையில்தான் இருந்தது.

உயிருள்ள தசைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கை கால் இழந்தவர்களும், போலியோ கண்டவர்களும் நிறைந்த காலத்தில் ஈ.எம்.ஜி. வேகம் பிடித்தது. 1944-ல் இன்மன் குழுவினர் தோள்பட்டை அசைவில் எந்தத் தசை எப்போது வருகிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். 1960 வாக்கில் சோவியத் யூனியனில் தசை மின்சாரத்தால் இயங்கும் செயற்கைக் கை வந்தது. அறுபட்ட கையின் மிச்சத் தசையை இறுக்கினால் மோட்டார் விரல்களை மூடும்.

ஆனால் இந்தத் துறைக்கு உயிர் கொடுத்தவர் என்றால் ஜான் பாஸ்மாஜியன். கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அதுவரை உடற்கூறியல் என்றால் பிணத்தை அறுத்து, "இந்தத் தசை இங்கே ஒட்டியிருக்கிறது, எனவே இதைத்தான் செய்யும்" என்று ஊகிப்பது. பாஸ்மாஜியன் உயிரோடு இருப்பவரைக் கேட்டார். 1962-ல் வந்த அவர் புத்தகத்தின் பெயரே 'மசல்ஸ் அலைவ்'. அடுத்த வருஷம் இன்னொரு வேடிக்கை செய்தார். மெல்லிய கம்பி மின்வாய் வைத்து, ஒலியைக் காதிலும் அலையைக் கண்ணிலும் கொடுத்தால், சாதாரண ஆட்களே சற்று நேரத்தில் ஒரே ஒரு இயக்க அலகை மட்டும் இயக்கப் பழகிவிட்டார்கள். சிலர் அதை வைத்துத் தாளமே போட்டார்கள்.

குனிந்த முதுகு

லண்டனில் ஃப்ளாய்ட், சில்வர் என்ற இருவர் 1950களின் முதல் பாதியில் ஒரு எளிய சோதனை செய்தார்கள். நிற்கும் மனிதரின் இடுப்புக்கு மேல் முதுகுத் தசைகளில் மின்வாய் ஒட்டி, மெல்லக் குனியச் சொன்னார்கள். குனியக் குனியத் தசை அதிகமாக வேலை செய்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் முழுக்கக் குனிந்ததும் பதிவு திடீரென்று அமைதியானது! தசை ஒதுங்கிக்கொண்டது. உடம்பின் பாரம் முழுக்க முதுகெலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களின் மேல் இறங்கியது.

நாற்று நடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். சூளையில் குந்தியும் குனிந்தும் அச்சில் களிமண் அறைந்து கல் போடுகிறவரை நினைத்துப் பாருங்கள். அந்த முழுக் குனிவில் முதுகுத் தசை "ஓய்வாக" இருப்பதாகப் பதிவு சொல்லும். அதைப் பார்த்து வேலை சுலபம் என்று எழுதினால் அது மகா தப்பு. பாரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நார்கள் மணிக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்தால் அதைக் காட்ட எந்த மின்வாயும் இல்லை. அது மட்டுமல்ல, நாள்பட்ட முதுகுவலி உள்ள பலருக்கு அந்த அமைதி வருவதே இல்லை, முழுக்கக் குனிந்த பிறகும் தசை விடாமல் இறுகியே இருக்கிறது என்பதும் பின்னாளில் தெரிந்தது. வலிக்கு ஒரு சாட்சி கிடைத்தது போல இருந்தது.

சின்டரெல்லா

தொழிற்சாலைக்கு ஈ.எம்.ஜி. போன கதையில் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குத்தான் முதல் மரியாதை. ஸ்வீடனின் பெங்க்ட் யோன்சன், நாள் முழுக்க வேலை செய்யும்போது தசை தன் அதிகபட்ச பலத்தில் எத்தனை சதவீதம் இறுகலாம் என்று வரம்பு போட்டார். தொடர்ந்து இறுகியிருக்கும் அடிமட்டச் சுமை 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 5 சதவீதத்தைத் தாண்டவே கூடாது என்றார். வெறும் ஐந்து! மூட்டை தூக்குவதுதான் வேலை, உட்கார்ந்து சிறு பாகங்களைப் பொருத்துவது எல்லாம் ஒரு வேலையா என்று நினைக்கிறவர்கள் இந்த எண்ணை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு குறைவு? நார்வேயில் சாக்லேட் பொதிகட்டும் பெண்களிடம் விடை கிடைத்தது. வேலை லேசு, இயந்திரம் தரும் வேகத்தில் கை ஓடவேண்டும், அவ்வளவே. ஆனால் கழுத்தும் தோளும் வலித்தது. வியர்ஸ்டெட் என்பவரும் உடனிருந்தவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களின் தோள்பட்டை மேல் தசையைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். 1990-லும் 1993-லும் வந்த அவர்கள் கட்டுரைகள் சொன்னது இது. தசை எவ்வளவு இறுகியது என்பதை விட, நடுநடுவே ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது முழுக்கத் தளர்ந்ததா என்பதே முக்கியம். அந்தச் சின்னஞ்சிறு இடைவெளிகள் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் பிற்பாடு வலி வந்தது.

1991-ல் ஹேக் என்ற ஸ்வீடன்காரர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். தசையில் சிறிய இயக்க அலகுகள்தான் முதலில் வேலைக்கு அழைக்கப்படும், கடைசியில்தான் விடுவிக்கப்படும். வேலை லேசாக இருந்தாலும் விடாமல் இருந்தால், அதே சிறிய இழைகள் காலையிலிருந்து இரவு வரை ஓய்வின்றி உழைக்கும். பெரியவை படுத்துத் தூங்கும். இதற்கு அவர் வைத்த பெயர் சின்டரெல்லா கருதுகோள். விடியலில் முதலில் எழுந்து எல்லோரும் தூங்கியபின் படுப்பவள். (நம் ஊரில் இதற்கு விலாசம் கேட்டால் பல வீட்டுச் சமையலறையைக் காட்டலாம்.) பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது திருவள்ளூர் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1997-ல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்த மாவட்டம். எண்ணூரில் 1948-லிருந்து வாகனத் தொழிற்சாலை, திருவொற்றியூரில் 1955-லிருந்து மோட்டார் சைக்கிள், 1960களிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை (இதெல்லாம் பின்னாளில் சென்னைக்குள் போய்விட்டது), கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட், அதைத் தாண்டி தேர்வாய்கண்டிகை. உருக்கு உருட்டாலையில் நெருப்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து இழுக்கும் வேலையும் இங்கே உண்டு, பெண்கள் வரிசையாக நின்று சிறு பாகம் பொருத்தும் வேலையும் உண்டு. முதல் வகை பார்த்தாலே பயம் தரும். இரண்டாவது வகை பார்க்கச் சுத்தமாக, ஏசி போட்டு இருக்கும். சாக்லேட் பெண்களின் கதை இரண்டாவது வகைக்குத்தான் அதிகம் பொருந்தும்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குப் பாரத்தை யாரும் தூக்கவோ சுமக்கவோ வைக்கப்படக் கூடாது என்றது. அதாவது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது மூட்டையின் எடை. இரண்டு சதவீதச் சுமை எட்டு மணி நேரம் இறங்காமல் இருப்பதற்குக் கிலோ கணக்கு இல்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்பதும் ஒரு சுமைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒரு தருணம் அது.

சாட்சியின் நம்பகம்

சரி, அப்படியானால் ஆளுக்கொரு மின்வாய் ஒட்டிவிட்டால் போதுமா? இங்கேதான் கவனம் வேண்டும்.

முதலாவது, ஈ.எம்.ஜி. பலத்தை அளப்பதில்லை. நரம்பு போட்ட உத்தரவின் எதிரொலியை அளக்கிறது. இருவரின் மில்லிவோல்ட்டை நேரடியாக ஒப்பிடவே முடியாது. ஒருவர் ஒல்லி, மற்றவர் தோலுக்கடியில் கொழுப்பு உள்ளவர் என்றால் அதே உழைப்பு வேறு எண்ணைக் காட்டும். எனவே முதலில் "முழு பலத்தோடு இறுக்குங்கள்" என்று சொல்லி, அதை நூறு என்று வைத்து மற்றதைச் சதவீதமாக்குவார்கள். வலி இருப்பவர் முழு பலத்தோடு இறுக்குவாரா? மாட்டார். அப்போது நூறே தப்பு, அதிலிருந்து வரும் எல்லாமே தப்பு.

மின்வாய் ஒட்டும் இடம் ஒரு விரற்கடை நகர்ந்தால் கதை மாறும். ஒவ்வொரு ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு ஒட்டியதால் முடிவுகளை ஒப்பிட முடியாமல் போனது. 1996 முதல் 1999 வரை ஐரோப்பிய ஆய்வாளர்கள் கூடி சீனியம் என்ற பொதுவிதியை வகுத்தார்கள். இரு மின்வாய்களுக்கும் இடையே 20 மில்லிமீட்டர், தோள்பட்டை மேல் தசைக்கு என்றால் தோள் எலும்பின் முனைக்கும் கழுத்தின் ஏழாவது எலும்புக்கும் நடுவே, இப்படி ஒவ்வொரு தசைக்கும் ஒரு விலாசம்.

அதோடு அந்த ஐம்பது. தசை அலையின் சக்தி பெரும்பாலும் வினாடிக்கு 50 முதல் 150 அதிர்வுகளுக்குள் இருக்கிறது. வீட்டு மின்சாரம் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். வடிகட்டி வைத்து மின்கம்பி இரைச்சலை வெட்டினால் தசையின் சத்தத்திலும் ஒரு துண்டு போய்விடும். அமைதியான ஆய்வகத்தில் இதைச் சமாளிக்கலாம். பெரிய மோட்டார்களும் வெல்டிங்கும் ஓடும் பட்டறையில், சித்திரை மாத வியர்வையில் மின்வாய் நழுவிக்கொண்டிருக்கும்போது? ஐரோப்பாவில் எழுதிய கையேட்டில் இதற்குப் பக்கம் குறைவு.

களைப்பைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் கொஞ்சம் உறுதியானது. தசை களைக்கும்போது இழைகளில் அலை ஓடும் வேகம் குறைகிறது. எனவே பதிவின் அதிர்வெண் கீழே இறங்கும், அதே சமயம் அதே பாரத்தைத் தாங்கக் கூடுதல் அலகுகளை அழைப்பதால் அலையின் உயரம் ஏறும். பைப்பர் பார்த்த தளர்வு, 1923-ல் காப், ஃபோர்ப்ஸ் இருவரும் பார்த்த உயரம் எல்லாம் இதுதான். பாஸ்டனில் கார்லோ டி லூக்கா இதைக் கணிதமாக்கினார். கையைத் தூக்கி அசையாமல் வைத்திருந்தால் இந்தக் கணக்கு அழகாக வரும். அசைந்துகொண்டே இருந்தால் குழப்பம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராமகிருஷ்ணனின் குழு 2010களில் எடுத்துக்கொண்டது இந்தக் குழப்பத்தைத்தான். டம்பெல்லைத் தூக்கி மடக்கும்போது புஜத் தசையின் பதிவு களைப்புக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று நேரம், அதிர்வெண் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறைகளாலும் இயந்திரக் கற்றலாலும் பிரித்துக் காட்டினார்கள். வேலை செய்யும் மனிதன் அசைந்துகொண்டுதானே இருப்பான்! அந்த வகையில் இது தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வந்த ஆய்வு.

டி லூக்கா தன் துறையைப் பற்றியே ஒரு எச்சரிக்கை விட்டிருந்தார். இந்தக் கருவி ரொம்ப எளிது, அதனால் தவறாகப் பயன்படுத்துவதும் ரொம்ப எளிது என்ற பொருளில். அமெரிக்காவில் முதுகுவலி நஷ்டஈடு வழக்குகள் பெருகிய காலத்தில் மேற்பரப்பு ஈ.எம்.ஜி. பதிவை வைத்து "இவருக்கு வலி உண்டு", "இல்லை" என்று வாதாடும் ஆசை எழுந்தது. அமெரிக்க நரம்பியல் கழகத்துக்காக 2000-ல் வெளியான மதிப்பீடு தெளிவாகச் சொன்னது: அசைவை ஆராய இது பயன்படும், இடுப்பு வலியை நோய் என்று கண்டுபிடித்துச் சொல்ல இது ஏற்கத்தக்கது அல்ல.

தொழிலாளிக்கு இது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. பதிவில் களைப்பு தெரிந்தால் அவர் சொன்னது பொய்யில்லை என்று காட்டலாம். பதிவில் தெரியவில்லை என்றால் அவர் சொன்னது பொய் என்று காட்ட முடியாது. ஆழத்தில் இருக்கும் தசைகளைத் தோல் மின்வாய் கேட்காது, நார்கள் பேசாது, பக்கத்துத் தசையின் சத்தம் வேறு வந்து கலக்கும். ஆனால் காகிதத்தில் அச்சான கோட்டுக்கு இருக்கும் மரியாதை மனிதன் வாய்ச்சொல்லுக்கு இல்லாத இடத்தில், இந்த வித்தியாசத்தை யார் நின்று விளக்குவது?

மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பையில் தலைமையகம் கொண்ட தொழிற்சாலை ஆலோசனை அமைப்புக்குச் சென்னைத் தரமணியில் ஒரு மண்டல நிலையம் உண்டு. தொழில் உடலியல், பணிச்சூழலியல் ஆகியவை அந்த அமைப்பின் வேலைகளில் அடக்கம். தரமணியிலிருந்து கும்மிடிப்பூண்டி அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். அளக்க வேண்டிய தோள்கள் அங்கே ஷிப்டுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டிருக்கின்றன, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோள்கள் உட்பட. அவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், வலியையும் கூடவே எடுத்துக்கொண்டு. சாக்லேட் பெண்களைப் போல மாதக்கணக்கில் ஒரே ஆளைத் தொடர்ந்து பதிவு செய்ய, முதலில் அந்த ஆள் அதே வேலையில் அத்தனை மாதம் இருக்க வேண்டும்.